தஞ்சப் படிவத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு காரணம்

அமெரிக்காவில் தஞ்சம் கேட்கிறவர் நிரப்ப வேண்டிய படிவம் ஐ-589. பெயர், முகவரி, படித்த பள்ளி, பார்த்த வேலை, பெற்றோர், உடன்பிறந்தோர் என்று தொடங்குகிறது. யார் துன்புறுத்தினார்கள், எதற்காக, திரும்பிப் போனால் என்ன நடக்கும் என்பதுவரை கேட்டுவிட்டுத்தான் முடிகிறது. யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ வந்த ஒருவர் இதை முதன்முதலாகக் கையில் எடுக்கும்போது இரண்டு விதமாக நினைக்கலாம். இதெல்லாம் சம்பிரதாயம், தெரிந்தவர் யாரையாவது பிடித்து நிரப்பிக் கொடுத்தால் போதும், உண்மையான விசாரணை நேர்காணலில்தான் என்பது ஒன்று. இது முழுக்க நம்மை மாட்டிவைக்கப் போட்ட வலை, எவ்வளவு குறைவாக எழுதுகிறோமோ அவ்வளவு நல்லது என்பது மற்றொன்று. இரண்டு எண்ணமும் கேஸைக் கெடுக்கும். இந்த அத்தியாயம் மூன்றாவது வழி ஒன்றைச் சொல்கிறது. ஒரு கேள்வியைப் படிவத்தில் அச்சிடும் முன் அதற்கான காரணத்தை அரசு எழுத்தில் காட்ட வேண்டும். அந்தக் காரணத்தைத் தெரிந்துகொண்டவர்தான் கேள்விக்கு முழுமையாகப் பதில் எழுத முடியும். காரணமில்லாத கேள்வியை முறைப்படி எதிர்க்கவும் அவரால்தான் முடியும்.

அரசு யாருக்குக் காரணம் சொல்கிறது

அமெரிக்கக் கூட்டரசின் எந்தத் துறையும் தன் விருப்பப்படி படிவம் அச்சடித்து மக்களிடம் நீட்ட முடியாது. 1980-இல் இயற்றப்பட்டு 1995-இல் திருத்தி எழுதப்பட்ட காகிதவேலைக் குறைப்புச் சட்டம் அதற்குக் குறுக்கே நிற்கிறது. பத்துப் பேருக்கோ அதற்கு மேற்பட்டவர்களுக்கோ ஒரே கேள்விகளை வைக்கும் எந்தத் துறையும், முதலில் அரசிதழில் அறிவிப்பு வெளியிட்டு 60 நாள் மக்கள் கருத்தைக் கேட்க வேண்டும். அந்தக் கருத்துகளைப் பரிசீலித்த பிறகு மறுபடி 30 நாள் அறிவிப்புக் கொடுத்து, வெள்ளை மாளிகையின் கீழ் இயங்கும் மேலாண்மை, பட்ஜெட் அலுவலகத்திடம் ஒப்புதல் கேட்க வேண்டும். ஓ.எம்.பி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்த அலுவலகம் ஒரு கட்டுப்பாட்டு எண்ணைத் தரும். ஒப்புதல் அதிகபட்சம் மூன்று ஆண்டு செல்லும்; அதற்குப் பிறகும் படிவம் வேண்டுமென்றால் துறை மறுபடி முதலிலிருந்து காரணம் சொல்ல வேண்டும். ஐ-589 படிவத்தின் மேல் ஓரத்தில் 1615-0067 என்று சிறிய எழுத்தில் இருப்பது அந்த எண்தான்.

ஒப்புதல் கேட்கும்போது துறை தாக்கல் செய்யும் ஆவணத்துக்கு ஆதரவு அறிக்கை என்று பெயர். அதில் 18 கேள்விகளுக்குத் துறை பதில் எழுதியாக வேண்டும். இந்தத் தகவல் எந்தச் சட்டத்தின்படி தேவைப்படுகிறது? யார், எதற்காக அதைப் பயன்படுத்துவார்கள்? இதே தகவல் வேறு எங்காவது ஏற்கெனவே அரசிடம் இருக்கிறதா? குறைவாகக் கேட்டால் என்ன கெட்டுப்போகும்? ரகசியம் காப்பதாக என்ன உறுதி தரப்படுகிறது? மதம், அரசியல் போன்ற அந்தரங்கமான விஷயங்களை ஏன் கேட்கிறீர்கள்? நிரப்ப எத்தனை மணி நேரம் ஆகும், எவ்வளவு செலவாகும்? படிவம் நம்மை விசாரிப்பதற்கு முன் படிவத்தையே ஒரு விசாரணைக்கு உட்படுத்துகிறது சட்டம். இந்த அறிக்கைகள் ரகசியமானவை அல்ல. ரெஜின்ஃபோ டாட் கவ் என்ற அரசு இணையதளத்தில் கட்டுப்பாட்டு எண்ணைக் கொடுத்துத் தேடினால் எவரும் எடுத்துப் படிக்கலாம். விண்ணப்பம் நிரப்புவதற்கு முன் ஒரு மாலை நேரத்தை அதற்கு ஒதுக்கினால் பின்னால் பல சிக்கல்களைத் தவிர்க்கலாம்.

சட்டத்தில் கால் ஊன்றிய கேள்விகள்

ஐ-589 படிவத்தின் பெரும்பாலான கேள்விகள் இந்த விசாரணையில் தேறிவிடுகின்றன. தஞ்சச் சட்டமே அவற்றைக் கேட்கச் சொல்கிறது என்பதுதான் காரணம். 1980-ஆம் ஆண்டின் அகதிகள் சட்டப்படி, இனம், மதம், தேசியம், குறிப்பிட்ட ஒரு சமூகக் குழுவைச் சேர்ந்தவராக இருத்தல், அரசியல் கருத்து ஆகிய ஐந்தில் ஒன்றின் காரணமாகத் துன்புறுத்தப்பட்டவர் அல்லது துன்புறுத்தலுக்கு நியாயமாக அஞ்சுபவர் மட்டுமே தஞ்சத்துக்குத் தகுதி பெறுவார். ஆகவே பி பகுதியின் முதல் கேள்வி அந்த ஐந்தையும், கூடவே சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையையும் கட்டங்களாகப் போட்டு, பொருந்துவதைக் குறிக்கச் சொல்கிறது. ஓட்டுநர் உரிமத்துக்கான படிவத்தில் உங்கள் மதத்தையும் அரசியலையும் கேட்டால் அது அத்துமீறல். இந்தப் படிவத்திலோ அவற்றைக் கேட்காவிட்டால் கேஸே இல்லை. அந்தரங்கக் கேள்வி நியாயமா என்பதை அந்தக் கேள்வியை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்துச் சொல்ல முடியாது. எந்த முடிவை எடுக்க அந்தப் பதில் தேவைப்படுகிறது என்பதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

காரணம் தெரிந்தால் பதிலின் அளவும் திசையும் மாறும். 2009-க்குப் பிறகு விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்ட ஒருவர் "ராணுவம் பிடித்து அடித்தது" என்று எழுதினால், நடந்தது மட்டும்தான் பதிவாகிறது. சட்டம் கேட்பது "எதன் காரணமாக" என்பதை. அவர் தமிழர் என்பதாலா, அவருக்கு இன்ன அரசியல் கருத்து இருப்பதாக அவர்கள் நினைத்ததாலா, காணாமல் போனவருக்காகப் போராடும் குடும்பத்தைச் சேர்ந்தவர் என்பதாலா? அடித்தவர்கள் அப்போது என்ன சொன்னார்கள், எந்தப் பெயரால் திட்டினார்கள், எதைப் பற்றி விசாரித்தார்கள் என்பதெல்லாம் இந்த இடத்தில் சாட்சியம். காரணம் அறியாதவர் காயத்தை விவரிப்பார். காரணம் அறிந்தவர் காயத்தையும் அதன் பின்னிருந்த நோக்கத்தையும் சேர்த்து எழுதுவார்.

சி பகுதியும் அப்படித்தான். அமெரிக்காவுக்கு வரும் முன் வேறு எந்த நாடு வழியாக வந்தீர்கள், எங்கே தங்கினீர்கள், அங்கே என்ன சட்ட நிலை இருந்தது என்று ஒரு கேள்வி. தமிழ்நாட்டு முகாமில் பல ஆண்டு இருந்த குடும்பங்கள் இதைப் பார்த்துப் பயந்து, இந்தியாவில் இருந்ததையே எழுதாமல் விடுவது ஆபத்தான தவறு. கேள்வியின் காரணம், வேறொரு நாட்டில் நிரந்தரமாகக் குடியமர்த்தப்பட்டவருக்குத் தஞ்சம் இல்லை என்ற சட்ட விதி. முகாமில் இருந்த காலம், அங்கே குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ கிடைத்ததா இல்லையா, எந்தக் கட்டுப்பாடுகளோடு இருந்தீர்கள், ஏன் வெளியேறினீர்கள் என்று உள்ளபடி எழுதினால் அந்த விதி உங்களுக்குப் பொருந்துமா என்று அதிகாரி பார்க்க முடியும். மறைத்தால் கேள்வி உங்கள் நேர்மையைப் பற்றியதாக மாறிவிடும். கடைசியாக அமெரிக்கா வந்து ஓராண்டு கடந்த பிறகா மனுக் கொடுக்கிறீர்கள் என்ற கேள்வியும் 1996-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த ஓராண்டுக் கெடுவிலிருந்து வருகிறது. நிலைமை மாறியதும் அசாதாரணச் சூழலும் அந்தக் கெடுவுக்கு விலக்குகள். ஆகவே "ஆம்" என்று எழுதுகிறவர் காரணத்தையும் அங்கேயே எழுத வேண்டும்; அதற்குத்தான் படிவத்தில் இடம் விட்டிருக்கிறார்கள்.

ஈழத் தமிழர்களுக்கு மிகவும் கனமான கேள்வி, நீங்களோ உங்கள் குடும்பத்தாரோ எந்த அமைப்புகளில் இருந்தீர்கள், எவற்றோடு தொடர்பு வைத்திருந்தீர்கள் என்பது. விடுதலைப் புலிகளை அமெரிக்கா 1997 அக்டோபரில் வெளிநாட்டுப் பயங்கரவாத அமைப்பாக அறிவித்தது. அத்தகைய அமைப்புக்குப் பொருள் உதவி செய்தவருக்குத் தஞ்சம் மறுக்கப்படும் என்கிறது சட்டம். துப்பாக்கி முனையில் கொடுத்ததும் உதவியாகவே எண்ணப்படலாம். எல் சால்வடாரில் கெரில்லாக்களால் கடத்தப்பட்டு, அவர்களுக்குச் சமைக்கவும் துணி துவைக்கவும் கட்டாயப்படுத்தப்பட்ட ஒரு பெண்ணின் வழக்கில் அதுவும் பொருள் உதவிதான் என்று குடிவரவு மேல்முறையீட்டு வாரியம் 2018-இல் தீர்ப்பளித்தது. நிர்ப்பந்தத்தின் பேரில் கொடுத்தவர்களுக்கு அரசு தன் விருப்புரிமையால் விலக்கு அளிக்கும் வழியும் இருக்கிறது. வன்னியில் கட்டாய வரி கட்டியவர், காவலரணில் பதுங்குகுழி வெட்டப் போனவர், பிள்ளையைக் கட்டாயமாகக் கொடுத்தவர் என்று ஒவ்வொருவரின் கதையும் இந்த இரண்டு விதிகளுக்கும் நடுவே கிடக்கிறது. இந்தக் கேள்விக்கு மட்டும் வழக்கறிஞர் இல்லாமல் பதில் எழுதாதீர்கள். எழுதும்போது, என்ன கொடுத்தீர்கள் என்பதோடு யார் கேட்டார்கள், மறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் எழுதுங்கள். விலக்கு கேட்பதற்கான அடிப்படை அங்கேதான் இருக்கிறது.

கேள்விக்கு ஒரு விலை உண்டு

இதுவரை சொன்னது படிவத்துக்குச் சாதகமான வாதம். எதிர்ப்பக்கத்தையும் எடைபோட வேண்டும். ஆதரவு அறிக்கையில் துறை சொல்ல வேண்டிய சுமைக் கணக்கில், ஐ-589-ஐ நிரப்பச் சராசரியாக 12 மணி நேரம் ஆகும் என்று பல ஆண்டுகளாக அச்சிட்டு வந்தார்கள். அறிவுறுத்தல்களைப் படிப்பதும் தகவல் திரட்டுவதும் அதற்குள் அடக்கம். ஊரிலிருந்து கிராம அலுவலர் கடிதமும் வைத்தியசாலைப் பத்திரமும் வரவழைத்து, ஒவ்வொன்றையும் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்போடு இணைக்க வேண்டிய ஒருவருக்கு 12 மணி நேரம் என்பது நடைமுறைக்கு ஒத்துவராத கணக்கு. பணக் கணக்கும் மாறியிருக்கிறது. நெடுங்காலம் கட்டணமில்லாமல் இருந்த தஞ்ச மனுவுக்கு 2025 ஜூலையில் நிறைவேறிய சட்டம் 100 டாலர் கட்டணம் விதித்தது; மனு முடிவாகாமல் கிடக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் இன்னொரு 100 டாலர்.

நேரத்தையும் பணத்தையும் விடப் பெரிய விலை ஒன்று இருக்கிறது. அது எந்தச் சுமைக் கணக்கிலும் வருவதில்லை. 2005-ஆம் ஆண்டின் ரியல் ஐடி சட்டம், மனுதாரரின் நம்பகத்தன்மையை எடைபோடும்போது அவருடைய கூற்றுகளில் உள்ள எந்த முரண்பாட்டையும் கணக்கில் எடுக்கலாம் என்கிறது. அந்த முரண்பாடு கேஸின் மையத்தைத் தொட வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. படிவத்தில் பள்ளியை விட்ட ஆண்டு 2011 என்றும், நேர்காணலில் 2012 என்றும் சொன்னால், கைதும் அடியும் பற்றிச் சொன்னது முழுவதையும் நம்பாமல் விட அது ஒரு காரணமாக எடுக்கப்படலாம். அப்படியானால் படிவத்தில் கூடுதலாகச் சேரும் ஒவ்வொரு கட்டமும் முரண்பாடு முளைக்கக்கூடிய கூடுதல் இடம். நினைவு சிதறிய, அதிர்ச்சியிலிருந்து மீளாத, வேற்று மொழியில் எழுதுகிற மனிதரிடம் தேவையில்லாத ஒரு கேள்வி கேட்பது அவருக்குச் சில நிமிட வேலை மட்டும் அல்ல. அவருடைய உயிர்க் கேஸில் கூடுதல் ஆபத்து. ஒவ்வொரு கேள்விக்கும் தனித்தனியாகக் காரணம் காட்டு என்று அரசைக் கேட்பதற்கு இதுவே தலையாய நியாயம்.

காரணத்தை மறந்து படிவத்தைப் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு அண்மை வரலாற்றில் ஒரு சான்று உண்டு. 2019-இன் பிற்பகுதியில் குடியுரிமை, குடிவரவுச் சேவைத் துறை ஒரு புது நடைமுறையைக் கொண்டுவந்தது. ஐ-589 படிவத்தில் ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் முழு மனுவையும் திருப்பி அனுப்பியது. நடுப்பெயர் இல்லாதவர் நடுப்பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டதற்காக மனுக்கள் திரும்பின. உடன்பிறந்தோருக்கு நான்கு வரிகள் இருக்கின்றன; மூன்று பேர் உள்ளவர் நான்காவது வரியை விட்டதற்காகவும் திரும்பின. நான்காவது வரி எதற்கு? நான்கு உடன்பிறந்தோர் இருந்தால் அவர்கள் பெயரைத் தெரிந்துகொள்ள. இல்லாத உடன்பிறப்பைப் பற்றித் தெரிந்துகொள்ள எதுவுமே இல்லை. ஆனால் அந்த வெற்று வரிக்காக ஓராண்டுக் கெடு தவறிப்போகும் நிலை வந்தது. பின்னர் இதே விதி குற்றச் செயல்களால் பாதிக்கப்பட்டவர்கள் கேட்கும் யூ விசா மனுவுக்கும் நீட்டப்பட்டது. 2020 நவம்பரில் பாதிக்கப்பட்டோர் சார்பில் கூட்டு வழக்குத் தொடரப்பட்டது. டிசம்பர் 28 முதல் துறை அந்த நடைமுறையை நிறுத்திக்கொண்டது. 2021-இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. திருப்பி அனுப்பப்பட்ட மனுக்களுக்கு முதலில் வந்த தேதியையே தாக்கல் தேதியாக ஏற்கவும் துறை ஒப்புக்கொண்டது. கேள்வி நியாயமானதாக இருந்தாலும், அதன் காரணத்தை விட்டு விலகி அதைப் பயன்படுத்துவது அநியாயமாகலாம் என்பது இந்த வழக்கு விட்டுச்சென்ற பாடம்.

காரணம் போதாத கேள்வி

படிவத்தில் நுழைய முயன்று காரணம் போதாமல் நின்ற கேள்வியும் உண்டு. சமூக ஊடகக் கணக்குகளின் பெயர்களைக் கேட்கும் கேள்வி அது. வெளியுறவுத் துறை 2019 மே மாதம் முதல் விசாப் படிவங்களில் கடந்த ஐந்தாண்டுச் சமூக ஊடகப் பெயர்களைக் கேட்கத் தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையும் தன் குடிவரவு, பயணப் படிவங்களில் அதைச் சேர்க்க அறிவிப்பு வெளியிட்டது. ஓ.எம்.பி.யின் தகவல், ஒழுங்குவிதி விவகார அலுவலகம் 2021 ஏப்ரலில் அதைத் திருப்பி அனுப்பியது. இந்தத் தகவலால் நடைமுறையில் என்ன பயன் என்பதைத் துறை போதிய அளவில் காட்டவில்லை என்பது அது சொன்ன காரணம்.

நடைமுறைப் பயன் என்பதற்குக் காகிதவேலைக் குறைப்புச் சட்டமே பொருள் சொல்கிறது. தகவல் சுவையானதாக இருப்பதோ என்றாவது உதவக்கூடும் என்பதோ போதாது. திரட்டிய தகவலை உரிய நேரத்தில் பயனுள்ள முறையில் கையாளும் திறன் துறைக்கு இருக்க வேண்டும். அந்தத் திறனைப் பற்றிய சந்தேகத்தை உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் சொந்தத் தலைமைக் கண்காணிப்பாளரே எழுப்பியிருந்தார். அவர் 2017 பிப்ரவரியில் வெளியிட்ட தணிக்கை அறிக்கை, துறையின் சமூக ஊடகச் சோதனை முயற்சிகளுக்கு வெற்றியை அளக்கும் அளவுகோலே வகுக்கப்படவில்லை என்று கண்டது. அளக்கத் தெரியாத பயனுக்காக லட்சக்கணக்கானோரின் பேச்சைத் திரட்டுவதை எப்படி நியாயப்படுத்துவது? 2025 ஜனவரியில் வந்த அதிபர் ஆணை ஒன்றைக் காட்டி, குடியுரிமை, குடிவரவுச் சேவைத் துறை அதே ஆண்டு மார்ச்சில் மறுபடி இந்தக் கேள்வியை முன்வைத்தது. அப்போது பட்டியலிட்ட ஒன்பது படிவங்களில் ஐ-589-உம் ஒன்று. தஞ்சம் கேட்கும் ஈழத் தமிழருக்கு இது சாதாரணக் கேள்வி அல்ல. மாவீரர் நாளுக்கு ஒரு மெழுகுவர்த்திப் படம் பகிர்ந்தது நினைவேந்தலா, ஆதரவா என்பதை மொழியும் வரலாறும் தெரியாத அதிகாரி ஒருவர் தீர்மானிக்கும் நிலை அதில் ஒளிந்திருக்கிறது. கேள்வியின் காரணம் மங்கலாக இருக்கும்போது பதிலின் பொருளையும் அதிகாரி தன் இஷ்டப்படி படிக்கலாம்.

எழக்கூடிய மறுப்புகள்

இதெல்லாம் வெறும் சடங்கு, துறை கேட்டால் ஓ.எம்.பி. கொடுத்துவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. பெரும்பாலான விண்ணப்பங்கள் ஒப்புதல் பெறுகின்றன என்பது உண்மைதான். ஆனாலும் 2021-இல் சமூக ஊடகக் கேள்வி திரும்பியதும் உண்மை. குடியேறிகள் தொடர்பான இன்னொரு பெரிய வழக்கும் உண்டு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குடியுரிமைக் கேள்வியைச் சேர்க்க வர்த்தகத் துறை முயன்றபோது, வாக்குரிமைச் சட்டத்தை அமல்படுத்தவே என்று அது காட்டிய காரணம் இட்டுக்கட்டியது எனக் கண்டு, 2019 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்தது. ஒரு கேள்விக்குச் சொல்லப்படும் காரணம் உண்மையானதாக இருக்க வேண்டும் என்பதை நாட்டின் உயர்ந்த நீதிமன்றமே உறுதிசெய்த தீர்ப்பு அது. காரணத்தை எழுத்தில் வைக்கச் சொல்லும் சடங்கு இல்லாமல் இருந்திருந்தால் அந்தக் காரணத்தைப் பரிசோதிக்கவே வழி இருந்திருக்காது.

பாதுகாப்பு விஷயத்தில் எவ்வளவு தகவல் இருந்தாலும் நல்லதுதானே, ஒளிக்க ஒன்றுமில்லாதவருக்கு என்ன பயம் என்பது எதிர்ப்பக்கத்து வாதம். அரசுக்குத் தன் எல்லைக்குள் வருபவர் யார் என்று அறியும் உரிமை இருப்பதை மறுக்க முடியாது. பிறரைத் துன்புறுத்தியவருக்குத் தஞ்சம் இல்லை என்ற விதியும், அதைச் சோதிக்கும் கேள்வியும் உண்மையான அகதிகளைக் காக்கவே இருக்கின்றன. ஆனால் கோப்பில் சேரும் ஒவ்வொரு பக்கத்தையும் ஓர் அதிகாரி படித்தாக வேண்டும். படிக்க முடியாத அளவு திரட்டினால், முக்கியமானது முக்கியமில்லாததற்கு அடியில் புதைந்துவிடும். ஒளிக்க ஒன்றுமில்லாத மனுதாரரும், தேதி தடுமாறினால் ரியல் ஐடி சட்டத்தின் கீழ் நம்பகத்தன்மையை இழக்கலாம் என்று மேலே பார்த்தோம். குறி வைத்துக் கேட்கும் படிவம் பாதுகாப்புக்கும் நல்லது, அகதிக்கும் நல்லது.

படிவத்தில் கட்டுப்பாடு விதித்தால் அதிகாரி நேர்காணலில் அதையே கேட்டுவிடுவாரே என்பது இன்னொரு மறுப்பு. சரிதான், குறிப்பிட்ட ஒரு நபர் மீதான விசாரணையில் கேட்கப்படும் கேள்விகளுக்குக் காகிதவேலைக் குறைப்புச் சட்டம் பொருந்தாது. ஆனால் நேர்காணலில் ஒருவரிடம் ஒரு காரணத்துக்காகக் கேட்பதற்கும், எல்லோரிடமும் எப்போதும் கேட்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. நேர்காணலில் கேள்வி எழுந்த சூழல் பதிவாகிறது. வழக்கறிஞர் குறுக்கிட்டு விளக்கம் கேட்க முடிகிறது. அச்சிட்ட கட்டம் யாருடைய நிலையையும் பார்ப்பதில்லை. அதனால்தான் அச்சிட்ட கட்டத்துக்கு மட்டும் கூடுதல் நியாயம் கேட்கிறது சட்டம்.

கட்டுப்பாட்டு எண் இல்லாத படிவத்துக்குப் பதில் தராதவரைத் தண்டிக்க முடியாது என்று சட்டம் சொல்கிறதே, அதைப் பிடித்துக்கொண்டு விருப்பமில்லாத கேள்வியை விட்டுவிடலாமா என்று கேட்பவர்களும் உண்டு. கூடாது. அந்தப் பாதுகாப்பு ஒப்புதல் பெறாத படிவங்களுக்கானது. ஐ-589 ஒப்புதல் பெற்றது. தஞ்சத்துக்குத் தகுதியை நிரூபிக்கும் பொறுப்பும் மனுதாரருடையது. ஒரு கேள்வி நியாயமற்றது என்று தோன்றினால் எதிர்க்க வேண்டிய இடம் அரசிதழ் அறிவிப்பு. உங்கள் சொந்த மனு அதற்கான களம் அல்ல.

பேனாவை எடுக்கும் முன்

முதலில் படிவத்தின் அடியில் உள்ள பதிப்புத் தேதியைத் துறையின் இணையப் பக்கத்தோடு ஒப்பிடுங்கள். மேலே உள்ள காலாவதித் தேதி கடந்துபோயிருந்தால் பதற வேண்டாம். புதுப்பிப்பு பரிசீலனையில் இருக்கலாம். எந்தப் பதிப்பு ஏற்கப்படும் என்று அந்தப் பக்கம் சொல்வதே செல்லும். பழைய பதிப்பை நண்பரிடமிருந்து நகலெடுத்து நிரப்பாதீர்கள். பிறகு ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் ஒரு தாளில், இது எந்த விதிக்காகக் கேட்கப்படுகிறது என்று ஒரே வரியில் எழுதுங்கள்: ஐந்து அடிப்படைகள், ஓராண்டுக் கெடு, வேறு நாட்டில் குடியமர்வு, அமைப்புத் தொடர்பு, அடையாளம், குடும்பம். குடும்பத்தைக் கேட்கும் இடத்தில், இங்கே இருந்தாலும் ஊரில் இருந்தாலும், எல்லாப் பிள்ளைகளையும் எழுத வேண்டும். தஞ்சம் கிடைத்த இரண்டு ஆண்டுக்குள் மனைவி, கணவர், மணமாகாத 21 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை ஐ-730 படிவம் மூலம் அழைக்கலாம். அன்று கேட்கப்படும் முதல் கேள்வி, இந்தப் பிள்ளை ஐ-589-இல் இருந்ததா என்பதாகத்தான் இருக்கும்.

பெயர்க் கட்டத்தில் தமிழருக்குத் தனிக் கவனம் தேவை. தகப்பன் பெயரை முன்னெழுத்தாக வைத்திருப்பவர், பாஸ்போர்ட்டில் எந்தப் பெயர் குடும்பப் பெயராக இருக்கிறதோ அதையே கடைசிப் பெயராக எழுத வேண்டும். பள்ளிச் சான்றிலும் அடையாள அட்டையிலும் வேறு விதமாக இருந்தால், பயன்படுத்திய மற்றப் பெயர்கள் என்ற கட்டத்தில் அவை எல்லாவற்றையும் போடுங்கள். இந்தக் கேள்வியின் காரணம் அடையாளம்தான். ஊர்ப் பதிவுகளில் உங்களைத் தேடும் அதிகாரிக்கு எல்லா எழுத்துக்கூட்டலும் வேண்டும். கையெழுத்துப் பகுதியில் உங்கள் தாய்மொழி எழுத்தில் பெயரை எழுதச் சொல்லும் இடம் வரும். அங்கே தமிழில் எழுதுங்கள். பொருந்தாத கட்டத்தை வெறுமனே விடாமல் பொருந்தாது என்றோ இல்லை என்றோ ஆங்கிலத்தில் எழுதுவது நல்லது. காலியிட நடைமுறை நின்றுபோனாலும், எழுதப்பட்ட "இல்லை" பின்னாளில் மறந்துவிட்டீர்களா, மறைத்தீர்களா என்ற கேள்விக்கு இடம் வைக்காது. தேதி உறுதியாகத் தெரியாவிட்டால் உத்தேசம் என்று குறிப்பிடுங்கள். உத்தேசம் என்று எழுதிய தேதி பின்னர் மாறினால் விளக்க முடியும். உறுதியாக எழுதிய தேதி மாறினால் அது முரண்பாடாக எடுக்கப்படலாம்.

இந்தப் படிவம் இரண்டு இடங்களில் படிக்கப்படும் என்பதையும் மனத்தில் வையுங்கள். முதலில் தஞ்ச அதிகாரி படிப்பார். அவர் ஏற்காவிட்டால், அமெரிக்காவில் வேறு சட்ட நிலை இல்லாதவரின் கேஸில் அதே தாள் குடிவரவு நீதிபதியின் மேசைக்குப் போகும். வேண்டுமென்றே பொய்யான, அடிப்படையற்ற மனுக் கொடுத்தவர் என்று தீர்மானிக்கப்பட்டால், குடிவரவுச் சட்டத்தின் சலுகைகள் நிரந்தரமாக மறுக்கப்படும். ஆகவே கையெழுத்துப் போடும் முன் முழுப் படிவத்தையும் உங்களுக்குத் தெரிந்த மொழியில் ஒருவர் வாசித்துக் காட்ட வேண்டும். நிரப்பிய முழுப் பிரதியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். நேர்காணலுக்கு முதல்நாள் அதைத்தான் படிக்க வேண்டும். நீங்கள் சொல்வது சொந்த நாட்டு அரசுக்குப் போய்விடுமோ என்ற அச்சத்தில் எதையும் விடாதீர்கள். தஞ்ச மனுவின் உள்ளடக்கத்தை உங்கள் எழுத்துமூலமான சம்மதம் இல்லாமல் வெளியாருக்குத் தரக்கூடாது என்று, சில விலக்குகளோடு, கூட்டரசு ஒழுங்குவிதி சொல்கிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கேஸ் முடிந்து வசிப்புரிமை கிடைத்த பிறகும் இந்தப் படிவத்தை மறந்துவிடாதீர்கள். மூன்றாண்டுக்கு ஒருமுறையாவது இது மக்கள் கருத்துக்கு வரும். கருத்துச் சொல்ல வழக்கறிஞராக இருக்கத் தேவையில்லை, குடிமகனாக இருக்கவும் தேவையில்லை. ரெகுலேஷன்ஸ் டாட் கவ் தளத்தில் எவரும் எழுதலாம், பெயரில்லாமலும் எழுதலாம். 12 மணி நேரக் கணக்கு தமிழ் ஆவணங்களை மொழிபெயர்க்க வேண்டியவருக்கு எவ்வளவு பொருந்தாது என்பதையும், எந்தக் கேள்வியை எங்கள் ஊர்க்காரர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதையும், எந்தக் கேள்விக்கு இன்னும் காரணம் காட்டப்படவில்லை என்பதையும் நிரப்பியவரைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் வேறு யாரும் இல்லை. துறை அந்தக் கருத்துகளைப் பரிசீலித்ததாக ஆதரவு அறிக்கையில் எழுதியாக வேண்டும். உங்களுக்குப் பின்னால் வருகிறவருக்காக அந்தப் பத்து வரியை எழுதுங்கள்.